கரை சேர்ந்தும் கரையேறாமை

ஆதியாகமத்தில் நோவாவின் வரலாற்றைப் படித்தோர் பலராயினும், அதன் இறுதிப் பகுதியிலுள்ள ஒரு சிறு செய்தியைக் கருத்திற் கொண்டோர் சிலரே. அவருடைய அறுநூற்றொன்றாம் வருஷத்து முதல் மாதம் முதல் நாளிலே அவர் பேழையின் மூடியை நீக்கிப் பார்த்தார். பூமியின்மேல் நீர் வற்றியிருந்தது. ஆயினும் அன்று அவர் இறங்கினாரல்லர். இரண்டாம் மாதம் இருபத்தேழாம் நாளில், இறங்குமாறு கட்டளை பிறந்த பின்னரே, தம் குடும்பத்தாருடனும் சகல ஜீவராசிகளுடனும் வெளியே வந்தார். உலர்ந்த தரை கண்ணுக்குப் புலனாகியும் ஏறக்குறைய இரண்டு மாத காலம் அவர் பேழைக்குள்ளேயே இருந்தார் என்பது இதனாற் பெறப்படும். பெருவெள்ளத்தின் நடுவே கழிந்த மாதங்களைவிட, தரையைக் கண்டுகொண்டே கழிந்த இவ்விரண்டு மாதங்களே அவருக்கு நெடியனவாய்த் தோன்றியிருத்தல் கூடும்.

கரை சேர்ந்தும் கரையேறாமை என்னும் இத்துன்பம் பழங்கதையோடு ஒழிந்துவிடவில்லை. இக்காலத்து உல்லாசக் கப்பல்களிற் செல்வோரும் இதனை அடிக்கடி அறிவர். மூடுபனி கவிந்தாலும், பெருங்காற்று வீசினாலும், துறைமுக வழிகாட்டி கப்பலில் ஏற இயலாது போனாலும், துறையில் இடம் ஒழியாவிட்டாலும் இறங்கும் நேரம் தள்ளிப்போகும். இவை பெரும்பாலும் சில நாழிகைத் தாமதங்கள், முணுமுணுப்போடு தீர்ந்துபோவன. ஆனால் தொற்றுநோயின் பொருட்டு நேரும் தாமதம் வேறு வகையினது. அது நாட்களாகும்; சில சமயம் வாரங்களாகும். அதனைப் பற்றியே இங்கு ஆராயப் புகுகின்றேன்.

இவ்விஷயத்தில் இருவகை அபிப்பிராயங்கள் உலவுகின்றன. கப்பலில் இருப்போர், 'நாங்கள் பணங் கொடுத்துப் பிரயாணஞ் செய்தவர்கள், குற்றவாளிகள் அல்லர், எங்களை அடைத்து வைக்க எவருக்கு உரிமையுண்டு?' என்கின்றனர். கரையில் இருப்போரோ, 'நோயுடன் வந்த கப்பல் கடலிலேயே கிடக்கட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு ஆபத்து வேண்டா' என்கின்றனர். இவ்விரண்டும் பாதி உண்மைகள் என்பதே என் துணிபு. தக்க காரணத்தால் நேரும் தாமதத்தைப் பொறுத்தல் கப்பலில் உள்ளோரின் கடமை. ஆயின், அவர் பொறுக்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குக் கரை கடன்படுகின்றது. அக்கடனை உணராத கரை, தாமதத்தை விதிக்கும் தகுதியை இழந்துவிடுகின்றது.

இத்தகைய தடையின் தோற்றத்தை முதலிற் காண்போம். இக்காலத்தில் டுப்ரோவ்னிக் என வழங்கும் பட்டணம் முற்காலத்தில் ரகூசா எனப்பட்டது. கொள்ளைநோய் ஐரோப்பாவை வாட்டிய அக்காலத்தில், 1377ஆம் ஆண்டில், நோய் பரவிய இடங்களினின்று வருவோர் நகருள் நுழையுமுன் ஒரு மாதம் புறத்தேயுள்ள ஒரு சிறு தீவிலோ அண்டையூரிலோ தங்கவேண்டுமென அந்நகரத்தார் சட்டம் இயற்றினர். வெனிஸ் நகரத்தார் 1423ஆம் ஆண்டில் ஒரு தீவிலே கொள்ளைநோயாளருக்கென மருத்துவ விடுதியொன்றை நிறுவினர். முப்பது நாள் பின்னர் நாற்பது நாளாயிற்று. நாற்பதைக் குறிக்கும் அவர்கள் நாட்டுச் சொல்லிலிருந்தே 'குவாரண்டைன்' என்ற பெயர் பிறந்தது. நாற்பது என்னும் எண், நம் ஆண்டவர் வனாந்தரத்தில் உபவாசமிருந்த நாட்களை நமக்கு நினைப்பூட்டுவதன்றோ?

இங்கே ஒன்றை ஊன்றி நோக்கவேண்டும். ரகூசாவும் வெனிஸும் கடல் வாணிகத்தால் வாழ்ந்த நகரங்கள். கப்பல் ஒரு நாள் தாமதித்தால் அவர்களுக்கே நஷ்டம். அங்ஙனமிருந்தும் தாமதத்தை விதியாக்கினார்கள். கப்பலைத் துரத்திவிட்டால் வாணிகம் அழியும். உடனே உள்ளே விட்டால் ஊர் அழியும். இவ்விரண்டுக்கும் நடுவே அவர்கள் கண்ட வழியே குவாரண்டைன். வருவோனைத் துரத்துவதற்காக அன்று, அவனைப் பத்திரமாக ஏற்றுக்கொள்வதற்காகவே அது ஏற்பட்டது. இக்கருத்தை மறந்தோரே பிற்காலத்தில் அதனைச் சிறையாக்கினர்.

இன்றும் அயல்நாட்டிலிருந்து வரும் கப்பல் மஞ்சட் கொடியொன்றை ஏற்றுவது வழக்கம். அதனைக் கண்டு நோயுள்ள கப்பலென்று அஞ்சுவோர் உளர். உண்மையில் இக்காலத்துக் கொடிமொழியில் அதன் பொருள், 'எம் கப்பல் சுகமாயிருக்கிறது. கரையோடு கலக்க அனுமதி வேண்டுகிறோம்' என்பதாகும். வருவோர் வேண்டுகின்றனர், கரையிலுள்ளோர் ஆராய்ந்து அனுமதிக்கின்றனர். இருதிறத்தாரும் உண்மை பேசினாலன்றி இம்முறை பயன் தராது.

இனி, நம் காலத்து நிகழ்ச்சிகளுக்கு வருவோம். 'டயமண்ட் பிரின்சஸ்' என்னும் உல்லாசக் கப்பல் 2020ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள் ஜப்பான் தேசத்து யோகோஹாமாத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. அதிற் சென்ற ஒருவர் ஜனவரி 25இல் ஹாங்காங்கில் இறங்கினார். அவருக்குக் கொரோனா நோய் உண்டென்பது பிப்ரவரி 1ஆம் நாள் தெளிவாயிற்று. கப்பல் பிப்ரவரி 3ஆம் நாள் இரவு யோகோஹாமாவுக்குத் திரும்பிற்று. மறுநாள் யாவரும் இறங்கி வீடு செல்லவேண்டியவர்கள். அந்த மறுநாள் வரவில்லை. பிப்ரவரி 5இல் பத்துப் பேருக்கு நோய் உண்டென வெளியாக, பதினான்கு நாள் கப்பலிலேயே இருக்குமாறு உத்தரவாயிற்று. அப்பொழுது அதில் இருந்தோர் 3,711 பேர். பிரயாணிகள் 2,666, சிப்பந்திகள் 1,045.

பிரயாணிகள் தத்தம் அறைகளில் அடைபட்டனர். சன்னலற்ற அறைகளில் இருந்தோரும் பலர். சிறு சிறு கூட்டமாக மேல்தளத்திற்கு அழைத்துச் செல்லப்படுங் காலத்திலேதான் அவர்கள் வானத்தைக் கண்டனர். முதியோர் பலருக்கு நாள்தோறும் உண்ணும் மருந்து தீர்ந்துபோய், புதிய மருந்து வருவதில் தாமதம் நேர்ந்தது. எதிரே யோகோஹாமா நகரத்தின் விளக்குகள் இரவு முழுதும் எரிந்துகொண்டிருந்தன. இறுதியில், அக்கப்பலில் இருந்தோருள் 712 பேருக்கு நோய் கண்டது. பத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

இதனைக் கேட்போர், 'அன்றே இறக்கிவிட்டிருக்கலாகாதா?' என்று வினவுவர். வினா நியாயமானதே. அதற்கு விடையாக மற்றொரு கப்பலின் கதை இருக்கின்றது. 'ரூபி பிரின்சஸ்' என்னும் கப்பல் 2020 மார்ச் 8ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரை விட்டு நியூஸிலாந்து சென்று, 19ஆம் நாள் விடியுமுன் சிட்னிக்கு மீண்டது. அதில் இருமலும் சுரமும் உடையோர் சிலர் இருந்தனர். அவர்களிடமிருந்து பரிசோதனைக்கு மாதிரிகளும் எடுக்கப்பட்டிருந்தன. ஆயினும், ஆபத்துக் குறைவென மதிப்பிட்ட அதிகாரிகள் அம்முடிவு வருமுன்னரே ஏறக்குறைய 2,650 பிரயாணிகளை இறங்க அனுமதித்தனர். குறித்த நாளில் இறங்கினோம் என்ற மகிழ்ச்சியுடன் அவர்கள் இரயிலிலும் விமானத்திலும் ஏறித் தத்தம் ஊர்களுக்குப் போயினர். மறுநாளே முடிவு வந்தது, நோய் இருந்தது. அக்கப்பலின் பிரயாணிகளுள் அறுநூற்றுக்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டது. அதனோடு தொடர்புடைய மரணங்கள் 28 என்று கணக்கிடப்பட்டது. நியூ சௌத் வேல்ஸ் அரசாங்கம் நியமித்த விசாரணைக் கமிஷன், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளியிட்ட அறிக்கையில், சுகாதார இலாகாவின் பிழைகளைக் கடுமையாகக் கண்டித்தது.

ஒரு நாள்! ஒரே நாள் அக்கப்பல் காத்திருந்ததாயின் அத்தனை வீடுகளில் நோய் நுழைந்திராது. 'பதறாத காரியம் சிதறாது' என்ற நம் பழமொழிக்கு இதனினும் துயரமான உதாரணம் வேண்டுவதில்லை. உல்லாசக் கப்பல் நடக்கும் முறையே அவசரத்தை வளர்ப்பது என்பதையும் நாம் அறிதல் வேண்டும். அது பெரும்பாலும் விடியற்காலையில் துறையணைந்து, முற்பகலிற் பழைய பிரயாணிகளை இறக்கி, அறைகளைத் துப்புரவு செய்து, அன்று மாலையே புதிய பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு புறப்படும். ஒருவரது தாமதம் ஆயிரவரது பிரயாணத்தைக் குலைக்கும். எனவே, 'சீக்கிரம், சீக்கிரம்' என்ற குரல் எத்திசையினின்றும் எழும். அக்குரலுக்கு நடுவே 'சற்றுப் பொறுமின்' என்று சொல்லும் ஓர் அதிகாரிக்கு வேண்டிய மனத்திண்மை சிறிதன்று. அவரை நாம் வைதல் தகாது.

அப்படியாயின், ஐயமுள்ள கப்பல் எதனையும் கரைக்கே வரவிடாமற் செய்வது நலமன்றோ எனின், அதுவும் தவறு. 'வெஸ்டர்டாம்' என்னும் கப்பலின் கதை இதனை விளக்கும். 2020 பிப்ரவரி 1ஆம் நாள் ஹாங்காங்கை விட்ட அக்கப்பலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். பிலிப்பைன்ஸ், தைவான், ஜப்பான், குவாம், தாய்லாந்து ஆகிய ஐந்து இடங்களும் அதற்குக் கதவடைத்தன. இறுதியில் கம்போடியா என்னும் சிறு தேசம் தன் சிஹனூக்வில் துறைமுகத்தைத் திறந்தது; பிப்ரவரி 13ஆம் நாள் கப்பல் அங்கே சேர்ந்தது. அதினின்று இறங்கிய ஒரு மூதாட்டிக்கு நோய் என்று முதலிற் சொல்லப்பட்டதும், மறுபரிசோதனையில் இல்லையென்றாயிற்று. நோயே இல்லாத கப்பலை ஐந்து துறைகள் துரத்தின! பரிசோதித்துப் பார்க்கும் பொருட்டு நிறுத்தி வைத்தல் விவேகம். பாராமலே துரத்துதல் பயம். பயத்திற்கு விவேகம் என்று பெயரிட்டுக்கொள்வது மனிதருக்கு எளிது. அதனால் நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

இதுவரை கூறியவற்றால், தாமதம் சிலவேளை இன்றியமையாதது என்பது போதரும். ஆனால் தாமதத்தின் பாரம் யார் தலையில் விழுகின்றது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. என் மனத்தை அதிகமாக வருத்துவது இதுவே.

'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலில் இந்தியர் 138 பேர் இருந்தனர். அவர்களுள் பிரயாணிகள் அறுவர்; மற்ற 132 பேரும் சிப்பந்திகள். பிரயாணிகள் அறைகளில் அடைபட்டிருக்க, அவ்வறைகளின் வாயில்தோறும் உணவு கொண்டுபோய் வைத்தவர்கள் இவர்களும் இவர்களைப் போன்றவர்களுமே. பிரயாணிகளுக்குத் தனித்திருத்தல் விதி. சிப்பந்திகளுக்கோ அவ்விதியைக் காத்துத் தரும் ஊழியமே விதி. அவர்கள் அறைகளைப் பகிர்ந்து உறங்கினர். பொது இடத்தில் உண்டனர். மீண்டும் ஊழியத்துக்குச் சென்றனர். பிப்ரவரி 9ஆம் நாள் வரையில் நோய் உறுதிப்பட்ட சிப்பந்திகள் 20 பேருள் 15 பேர் உணவுப் பணியில் இருந்தவர்கள் என்று பின்னர் நடந்த ஆராய்ச்சி காட்டிற்று. இவ்வுண்மை ஒன்றே போதும்.

நோயற்ற பிரயாணிகள் பிப்ரவரி 19ஆம் நாள் முதல் இறங்கத் தொடங்கினர். இந்திய அரசாங்கம் அனுப்பிய விமானம் இந்தியர் 119 பேரை ஏற்றிக்கொண்டு டில்லி சேர்ந்தது பிப்ரவரி 27ஆம் நாள். அங்கும் அவர்கள் மேலும் பதினான்கு நாள் தனித்து வைக்கப்பட்டனர். கப்பலில் எஞ்சிய சிப்பந்திகள் யாவரும் இறங்கி முடிந்தது மார்ச் 1ஆம் நாள். எல்லாருக்கும் கடைசியாக, இத்தாலி தேசத்தவராகிய கப்பித்தான் ஜென்னாரோ ஆர்மா தனியே நடந்து கரையேறினார். கடற்றொழிலின் பண்டை அறம் அன்று அழியாமல் நின்றது என்று உலகம் அவரைப் பாராட்டிற்று. பாராட்டத்தக்கவரே. ஆயின் கப்பித்தானின் தாமதம் அவர் ஏற்றுக்கொண்ட பதவியின் மாண்பு. பாத்திரம் கழுவுவோனின் தாமதம் அத்தகையதா?

'ரூபி பிரின்சஸ்' கதையிலும் இதே வேற்றுமை. பிரயாணிகள் ஒரே காலையில் இறக்கப்பட்டனர். ஏறக்குறைய ஆயிரம் சிப்பந்திகள் கப்பலிலேயே இருந்தனர். ஏப்ரல் 6 முதல் கெம்ப்லாத் துறையில் நின்ற அக்கப்பல், அவர்களுள் ஒரு பகுதியினரை மட்டும் இறக்கிவிட்டு, ஏப்ரல் 23ஆம் நாள் மற்றவர்களுடன் கடலுக்குச் சென்றது. அவ்வாண்டு முடிவிற்குள், சரக்குக் கப்பல்கள் முதலியவற்றையும் சேர்த்து, ஒப்பந்தக் காலம் கடந்தும் கரையேற இயலாது தவித்த மாலுமிகள் உலகமெங்கும் ஏறக்குறைய நான்கு இலட்சம் பேர் என்று சர்வதேசக் கடல்துறை ஸ்தாபனம் மதிப்பிட்டது. நாம் வீட்டிலிருந்துகொண்டு உண்ட அரிசியும் கோதுமையும் மருந்தும் கடல் கடந்து வந்தது இத்தகையோர் கையால் அன்றோ?

இவ்வேற்றத்தாழ்வு தமிழராகிய நமக்குப் புதிதன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம்மவர் மண்டபம் முகாமில் நிறுத்திச் சோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். சென்னையினின்றும் நாகப்பட்டினத்தினின்றும் 'ரஜூலா' முதலிய கப்பல்களில் மலேயா சென்றோருள், மேல்தளத்திலே பாய் விரித்துப் பிரயாணஞ் செய்த ஏழை மக்கள் சிங்கப்பூருக்கு அருகிலுள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கிக் காவலில் வைக்கப்படுவது வழக்கமாயிருந்தது. டிக்கட்டின் தரம் பார்த்து நோய் வருவதில்லை. ஆனால் டிக்கட்டின் தரம் பார்த்துக் காவல் வந்தது. அக்காலம் போயிற்று என்று நாம் மகிழ்ந்திருக்க, 2020ஆம் ஆண்டு அதன் நிழல் இன்னும் நீங்கவில்லை என்று காட்டிவிட்டது.

ஆதலின், காத்திருப்போர்க்குக் கரை செலுத்தவேண்டிய கடன் மூன்று என்பேன். முதலாவது உண்மை. ஏன் நிறுத்தப்பட்டோம், கப்பலில் என்ன நிலை என்பதை நாள்தோறும் அவர்களுக்குச் சொல்லுதல் வேண்டும். அறியாமையில் இருப்பவனுக்கு ஒரு நாள் ஒரு மாதமாகும். இரண்டாவது கெடு. இத்தனை நாள் என்று வரையறுத்தல் வேண்டும். அவ்வரையறையை மாற்ற நேரின் காரணம் காட்டல் வேண்டும். எல்லையற்ற காவலுக்கும் சிறைக்கும் பேதமில்லை. மூன்றாவது சமத்துவம். முதல் வகுப்பு அறையில் இருப்பவனுக்கு எத்தகைய தனியிடமும் மருத்துவமும் உரியனவோ, அவனுக்குச் சோறு சமைப்பவனுக்கும் அவை உரியனவாதல் வேண்டும். எல்லாரையும் கப்பலுக்குள்ளேயே வைத்து இதனைச் செய்தல் இயலாதெனின், வெனிஸ் நகரத்தாரைப் போலக் கரைக்கு அருகே இடம் அமைத்து, அங்கே இறக்கிக் காத்தலே முறை.

இவை வெறும் கனவல்ல. 2005ஆம் ஆண்டில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டு, 2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிகளில் முப்பத்திரண்டாம் பிரிவு, பிரயாணிகளை அவர்தம் மாண்பு கெடாமல் நடத்த வேண்டுமென்றும், தடுத்து வைக்கப்பட்டோர்க்கு உணவும் நீரும் தக்க இருப்பிடமும் மருத்துவமும் தரவேண்டுமென்றும், இயன்றவரை அவர்களுக்கு விளங்கும் மொழியிற் செய்தி தெரிவிக்கவேண்டுமென்றும் கூறுகின்றது. எழுத்தில் உள்ள இவ்விதியைக் கரையார் தம் உள்ளத்திலும் எழுதிக்கொள்வாராயின் குறையொன்றுமில்லை.

மாணவ நண்பர்களே! இக்கலாசாலையினின்று வெளியேறும் உங்களுள் சிலர் நாளை துறைமுகச் சுகாதார அதிகாரிகளாகக் கூடும். சிலர் கப்பற் கம்பெனிகளில் உத்தியோகம் வகிக்கக் கூடும். சிலர் மாலுமிகளாகவும், பலர் பிரயாணிகளாகவும் கடல் கடப்பீர்கள். பிரயாணியாயின், நியாயமான தாமதத்தைப் பொறுமின். நீங்கள் பொறுக்கும் ஒரு நாள், நீங்கள் கண்டறியாத ஒரு குடும்பத்திற்கு ஆயுளாகக் கூடும். அதிகாரியாயின், அவசரக் குரல்களுக்கு அஞ்சாமின். அச்சக் குரல்களுக்கும் அஞ்சாமின். எந்நிலையில் இருப்பினும், கடைசியாக இறங்குபவன் யார் என்று ஒருமுறை திரும்பிப் பார்மின்.

நோவாவின் வரலாற்றில் இன்னுமொரு செய்தி உண்டு. பேழைக்குள் அடைபட்டிருந்த அவருக்கு, இறங்கும் நாளுக்கு வெகு முன்னரே, புறா ஓர் ஒலிவ மரத்து இலையைக் கொணர்ந்து தந்தது. அவ்விலை கதவைத் திறக்கவில்லை. காத்திருக்கும் நாட்களுள் ஒன்றையேனும் குறைக்கவில்லை. ஆயினும், வெளியே பூமி இருக்கிறது, அது உங்களை மறக்கவில்லை என்ற செய்தியை அது கொண்டுவந்தது. கரை கண்டும் கரையேறாது நிற்கும் ஒவ்வொரு கப்பலுக்கும், கரையிலுள்ள நாம் அவ்விலையையாவது அனுப்பக் கடமைப்பட்டிருக்கின்றோம்.